சிறிய பாடசாலை, பெரிய எண்கள்: ஒரு வீரரை எடைபோடுவது எப்படி?

1991இல் இலங்கை ‘ஏ’ அணியோடு இங்கிலாந்துக்குப் போன முத்தையா முரளிதரனுக்கு ஐந்து ஆட்டங்களில் ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. அதே பையன்தான் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிக்காகக் கடைசி இரண்டு பருவங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்து, 1990/91ஆம் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரருக்கான பாட்டா விருதையும் வாங்கியிருந்தார். எண்கள் இரண்டும் உண்மை. பாடசாலையில் எடுத்த நூறை நம்புவதா, இங்கிலாந்தில் வாங்கிய பூச்சியத்தை நம்புவதா?

தெரிவாளர்கள் அவரைக் கைவிடவில்லை. மறு ஆண்டு அலன் போர்டரின் அவுஸ்திரேலிய அணி வந்தபோது பயிற்சி ஆட்டத்தில் அவருக்குப் பந்து கொடுக்கப்பட்டது. 1992 ஆகஸ்ட் 28ஆம் திகதி கெத்தாராமையில் டெஸ்ட் அறிமுகம். 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட். 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன் அவர் என்பதால், மலையகத்தில் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் பெருமைப்படுவதோடு விட்டுவிடுகிறோம். அந்தத் தெரிவாளர்கள் எதைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று கேட்பதில்லை. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலைகளில் இன்று பந்து வீசும் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விதான் உதவும்.

புனித அந்தோனியார் பெயர் பெற்ற கல்லூரி. இருந்தும் கொழும்பிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதுவும் வெளிமாவட்டப் பாடசாலைதான். ‘ஒப்சேர்வர்’ பாடசாலை விருதுகளில் வெளிமாவட்ட வீரருக்கென்றே ஒரு பரிசு இருந்தது. 1988இல் மாத்தறை புனித சர்வேசியஸ் கல்லூரியின் சனத் ஜயசூரிய அதை வென்றார். அப்படித் தனிப் பரிசு வைத்ததிலேயே ஒரு நேர்மையான ஒப்புதல் இருக்கிறது: யாருக்கு எதிராக, எங்கே எடுத்த ஓட்டம் என்று தெரியாமல் ஓட்டத்தை மட்டும் வைத்து யாரையும் ஒப்பிட முடியாது.

அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் இதே கேள்விக்கு ஆண்டுதோறும் பெரும்பணத்தைப் பணயம் வைத்து விடை தேடுகிறார்கள். என்.பி.ஏ. தொடரின் 30 அணிகளும் புதிய வீரர்களை முறைவைத்து இரண்டு சுற்றுகளில் எடுக்கும் நிகழ்வுக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். ஏறக்குறைய 60 பேருக்குத்தான் இடம். முதற்பிரிவில் ஆடும் கல்லூரிகளோ 350க்கும் மேல். டியூக், கென்டக்கி போன்ற பெரிய இடங்களின் ஆட்டங்களை நாடே பார்க்கும். சிறிய கல்லூரியில் சராசரியாக 25 புள்ளி எடுக்கும் ஒருவரைப் பற்றி, எதிரணி பலவீனமானது என்ற ஒற்றை வரியில் பேச்சை முடித்துவிடுவார்கள்.

அப்படிச் சிறிய கல்லூரிகளில் தங்கிப்போகிறவர்களில் ‘கார்ட்’கள் அதிகம். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்கள் இவர்கள். காரணம் எளிது. ஏழடி உயரப் பையன் எந்த மூலையில் இருந்தாலும் பெரிய கல்லூரிகள் தேடி வந்துவிடும், உயரத்தை மறைக்க முடியாது. ஆறடி உயரமுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் யார் வித்தியாசமானவர் என்பது கண்ணுக்கு உடனே தெரியாது. கனடாவிலிருந்து வந்த ஸ்டீவ் நாஷுக்குப் புலமைப்பரிசில் கொடுக்க முன்வந்த அமெரிக்கக் கல்லூரி சாந்தா கிளாரா ஒன்றுதான். 1996இல் 15ஆவது ஆளாக எடுக்கப்பட்ட அவர், 2005இலும் 2006இலும் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

இப்படிப்பட்டவரைக் கண்டுகொள்ள, தெரிவாளர்கள் முதலில் சிறிய கல்லூரி பெரிய கல்லூரியோடு மோதிய ஆட்டங்களைத் தனியாக எடுத்துப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய 2,000 மாணவர்களே படிக்கும் டேவிட்சன் கல்லூரியின் ஸ்டீபன் கரி, 2008 மார்ச் தேசியத் தொடரில் கொன்சாகாவுக்கு எதிராக 40, ஜோர்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கொன்சினுக்கு எதிராக 33 புள்ளிகள் எடுத்தார். 2012இல் லீஹை கல்லூரி டியூக்கை வீழ்த்திய அன்று சி.ஜே. மெக்கொலம் எடுத்தது 30. இதற்குப் பிறகு எதிரணி பலவீனம் என்ற பேச்சு எடுபடாது.

டேமியன் லில்லார்டுக்கு அந்த மேடைகூடக் கிடைக்கவில்லை. யூட்டா மாநிலத்தின் வீபர் ஸ்டேட்டில் ஆடிய காலம் முழுவதும் அவரது அணி தேசியத் தொடருக்குத் தகுதி பெறவே இல்லை. கடைசிப் பருவத்தில் சராசரி 24.5 புள்ளி, ஆனால் பெரியவர்களுக்கு எதிராக அதை நிரூபிக்க இடமில்லை. இந்த இடத்தில்தான் தெரிவாளரின் உண்மையான வேலை தொடங்குகிறது. எதிராளி யாராக இருந்தாலும் மாறாத விடயங்களைத் தேட வேண்டும். ‘ஃப்ரீ த்ரோ’ அப்படிப்பட்டது. பதினைந்து அடி தூரம், யாரும் மறிக்கமாட்டார்கள், வளையத்தின் உயரம் எல்லா ஊரிலும் ஒன்று. கல்லூரிக் காலத்தில் கரி, லில்லார்ட் இருவருமே நூற்றுக்கு 85க்கு மேல் போட்டவர்கள். பந்தைத் தவறவிடாமல் எத்தனை முறை கூட்டாளிக்குக் கொடுத்தார், எதிராளியின் கையிலிருந்து எத்தனை முறை பறித்தார் என்பவையும் ஓரளவுக்கு இதே வகையில் சேரும். லில்லார்டை 2012இல் போர்ட்லண்ட் ஆறாவது ஆளாக எடுத்தது. முதற்பருவத்திலேயே சிறந்த புதுமுகம் விருது அவருக்கு ஒருமனதாகக் கிடைத்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரியின் கீட்ரன் கிளார்க் 2004, 2005 என இரு பருவங்களிலும் நாட்டிலேயே அதிகப் புள்ளிச் சராசரி வைத்திருந்தவர். ஆறடிக்கும் குறைந்த உயரம். 2006இல் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அவர் பிறகு ஐரோப்பாவில் தொழில்முறை வீரராக ஆடினார். அவர் எடுத்த புள்ளிகள் பொய்யல்ல. தன்னைவிட ஒரு தலை உயரமானவரை மறிக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தப் புள்ளிகளில் விடை இல்லை, அவ்வளவுதான்.

மலையகத்துக்கு வருவோம். கொழும்புத் தேயிலை ஏலத்தில் ஒரு தூளின் தரத்தோடு அது விளைந்த உயரமும் சேர்த்தே பார்க்கப்படும். உயர்நிலத் தேயிலையா, இடைநிலமா, தாழ்நிலமா என்று தெரியாமல் யாரும் விலை சொல்வதில்லை. பாடசாலை ஓட்டங்களையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

தோட்டத்து மைதானம் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இது புரியும். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடம். ஒரு பக்கம் மண்மேடு, ஆடுகளத்திலிருந்து முப்பது அடி வைத்தால் முட்டிக்கொள்ளும். மறுபக்கம் சரிவு, பந்து போனால் தேயிலைக்குள் போய்த் தேட வேண்டும், அதனால் பல இடங்களில் அந்தப் பக்கம் தூக்கி அடித்தால் ஆட்டமிழப்பு என்றே விதி வைத்துக்கொள்கிறார்கள். இங்கே வளர்ந்த பையன் நேராகவும் தரையோடும் அடிக்கப் பழகியிருப்பான். பெரிய மைதானத்துத் தெரிவுக்கு வரும்போது அவன் ‘கட்’ ஆடத் தெரியாதவனாகத் தெரிவான். அது திறமைக் குறைவு அல்ல, அவனுக்கு அந்தப் பக்கம் மைதானமே இருந்ததில்லை. எட்டாயிரம் பேர் கூடும் அரங்கில் ஆடியவனோடு அவனை ஒரே தாளில் எழுதி ஒப்பிடும் தெரிவாளர் தன் வேலையைப் பாதிதான் செய்கிறார்.

மென்பந்து இன்னொரு சிக்கல். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டங்களுக்கிடையே நடக்கும் போட்டிகள் பெரும்பாலும் மென்பந்துதான். கடினப்பந்துக்கு மட்டை, கால்காப்பு, கையுறை, வலை எல்லாம் வேண்டும். அந்தச் செலவைத் தாங்கும் பாடசாலைகள் குறைவு. மென்பந்தில் எடுத்த ஐம்பது ஓட்டம் கடினப்பந்தில் எவ்வளவு பெறும் என்று சொல்ல வழியில்லை. ஆனால் சில விடயங்கள் பந்து மாறினாலும் மாறாது. தலை அசையாமல் பந்தைக் கடைசிவரை பார்க்கிறானா? சரிவில் ஓடிப் பந்தை எடுத்து, நிமிர்வதற்குள் விக்கெட் காப்பாளரின் கைக்கு எறிகிறானா? மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைத் திருப்புகிறானா? முரளியிடம் பூச்சியத்துக்கு அப்பால் பார்ப்பதற்கு இருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். பந்து திரும்பும் அளவு எதிராளியின் பெயரைப் பொறுத்ததல்ல. ஐந்து ஆட்டத்துக்குள் விக்கெட் விழாமல் போவது யாருக்கும் நேரலாம்.

மலையகத்துப் பிள்ளைகள் ஓட்டப்பந்தயங்களில் முன்பே கண்ணில் படுவதற்கும் இதுவே காரணம் எனலாம். 10,000 மீற்றர் ஓடும் குமார் சண்முகேஸ்வரனுக்கு எதிரணியின் தரத்தைக் கழித்துப் பார்க்கும் தேவையில்லை. நிறுத்தற்கடிகாரம் மஸ்கெலியாவிலும் சுகததாச அரங்கிலும் ஒரே நேரத்தைத்தான் காட்டும். குழு விளையாட்டில் அப்படியொரு கடிகாரம் இல்லை. ஆகவே பார்க்கிற கண்ணும், எழுதி வைக்கிற பழக்கமும் தேவைப்படுகின்றன.

கண் மட்டும் இருந்தால் எல்லாம் அதிர்ஷ்டத்தில் போய் நிற்கும். ஜா மொரான்ட் கதை அதைத்தான் சொல்கிறது. 2016இல் தென் கரோலினாவில் நடந்த ஒரு முகாமுக்கு மரே ஸ்டேட் கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கேன் வேறொரு பையனைப் பார்க்கத்தான் போயிருந்தார். தின்பதற்கு ஏதாவது வாங்க எழுந்து போனவர், பக்கத்துச் சிறிய கூடத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். உள்ளே மூவருக்கு மூவராக ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மொரான்ட். மூன்றாண்டுகள் கழித்து டிராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். கேனுக்குப் பசிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதைக்கிறது. நம் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் எட்டிப் பார்க்க ஆளில்லாமலே ஆடி முடித்திருப்பார்கள்!

கண்ணில் பட்டவர்களைப் பெரிய பாடசாலைகள் அழைத்துக்கொள்வது இலங்கையில் வழமை. லசித் மாலிங்க காலி வித்தியாலோகக் கல்லூரியிலிருந்து அதே ஊரின் மகிந்த கல்லூரிக்குப் போனார். மதீஷ பத்திரண ரணபிம ரோயலிலிருந்து கண்டி திரித்துவத்துக்குப் போனார். வீரருக்கு நல்லதுதான், ஆனால் அவர் விட்டுப்போன பாடசாலை அடுத்த ஆண்டு இன்னும் பலவீனமாகி, அங்கே எஞ்சியவர்களின் எண்களுக்கு மதிப்பு இன்னும் குறையும். அமெரிக்காவிலும் 2021க்குப் பிறகு ஒரு பருவ ஆட்டத்தை இழக்காமலே கல்லூரி மாற முடிகிறது. சிறிய கல்லூரிக் கார்ட்கள் டிராஃப்டுக்கு முன்பே பெரிய இடத்துக்குப் போய்விடுகிறார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்துக்கு வேறொரு வழி திறந்தது. 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது ஜப்னா அணி அவரை ஆடவைத்தது. 2024 மே மாதம் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்காகப் பந்து வீசினார். பாடசாலை எண்களை வைத்து விவாதித்துக்கொண்டிருக்காமல், தேர்ந்த மட்டையாளர்களுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

மலையகத்தில் அந்த மேடை வரும்முன்பே வயது கடந்துவிடுகிறது. தோட்டப் பாடசாலைகளில் பல இரண்டாம், மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகைப் பாடசாலை 11ஆம் தரத்தோடு முடிகிறது. அதாவது 16 வயது. தெரிவாளர்கள் உற்றுப் பார்க்கும் பாடசாலைக் கிரிக்கெட்டோ 19 வயதுக்குட்பட்டோருக்கானது. உயர்தரத்துக்கு நகரப் பாடசாலையில் இடம் கிடைக்காத, அல்லது வேலை தேடிக் கொழும்புக்குப் பஸ் ஏறும் பையனுக்கு, முரளி விருது வாங்கிய வயதில் எண்களே இருக்காது. பாடசாலையை விட்டவர்களும் 19 வயதுவரை ஆடக்கூடிய மாவட்ட அணியொன்று அட்டனையோ நுவரெலியாவையோ மையமாகக் கொண்டு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை ஆசிரியர்கள் தம் கையால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓட்டப் புத்தகம் வைத்து, வழக்கமான எண்களின் கீழே நான்கு வரி சேர்த்து எழுதலாம்: எதிரணி எது, அதில் மாகாண மட்டத்தில் ஆடியவர் யாராவது உண்டா, பந்து கடினமா மென்மையா, மைதானத்தின் எந்தப் பக்கம் குறுகியது. கைத்தொலைபேசியில் ஒரு பந்துப் பரிமாற்றத்தைப் படம் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. பந்துவீச்சாளரின் பின்னாலிருந்து எடுக்க வேண்டும், பக்கவாட்டில் எடுத்தால் பந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாது.