ஆட்டுப்பட்டியில் ஹார்மோன்

விருத்தாசலம் என்றதும் வெளியூரார் பீங்கானைத்தான் நினைப்பர். சுற்றுக் கிராமத் தாய்மார் பலருக்கோ நாலைந்து ஆடுகளே சேமிப்பு.

செம்மறி 17 நாளுக்கு ஒருமுறையும் வெள்ளாடு 21 நாளுக்கு ஒருமுறையும் பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஒவ்வோர் ஆடும் தன்போக்கில் ஈனுவதால், சில குட்டிகள் ஐப்பசி அடைமழையில் பிறந்து குளிரில் மடிகின்றன. எல்லா ஆடுகளும் ஏற்ற காலத்தில் ஒன்றாக ஈன்றால்? அதற்கே ஹார்மோன் உதவுகிறது.

புரோஜெஸ்டிரோன் ஊறிய சிறு பஞ்சை ஆட்டின் கருவழியில் 12 முதல் 14 நாள் வைப்பர். அது உள்ளவரை பருவம் வராது. எடுத்தபின் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலான ஆடுகள் பருவத்துக்கு வந்துவிடும். இராஜஸ்தானில் அவிகாநகரிலுள்ள மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம் இத்தகைய பஞ்சை நம் நாட்டிலேயே செய்துள்ளது. பஞ்சை எடுக்கும்போது, சினைக்குதிரையின் குருதியிலிருந்து பிரித்த ஹார்மோனை ஊசியாகப் போட்டால் கருமுட்டைகள் கூடுதலாக முதிரும். இரட்டைக்குட்டி என்றால் மகிழ்ச்சிதான்! அளவு மிஞ்சினாலோ மூன்றும் நான்கும் பிறந்து, தாயிடம் பால் போதாமல் போகும்.

புரோஸ்டாகிளான்டின் என்ற ஊசியும் பருவத்தை வரவழைக்கும். ஏற்கெனவே சினையான ஆட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். அது மனிதத் தோல் வழியாகவும் உட்செல்லும். கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அம்மருந்தைத் தொடவே கூடாது. மருத்துவர் ஊசி போடும்போது ஆட்டைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் நம் அம்மாவோ அக்காவோதானே!

எலும்பு தெரிய மெலிந்த ஆட்டுக்கு ஹார்மோன் சரிவரப் பலிக்காது. கிடாய் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே நாளும் கால் கிலோ அளவில் தானியமும் பிண்ணாக்கும் கலந்து கொடுக்கவேண்டும். கிடாயைச் சில வாரம் கண்ணில் படாமல் பிரித்து வைத்துப் பின்பு விட்டாலே பல ஆடுகள் பருவத்துக்கு வருவதுண்டு. இதற்குக் காசு செலவில்லை.