விறகுச் சுமையில் ஒரு பாடம்

பூமியைக் காப்பாற்றச் சொல்லும் வகுப்புகள் ஏராளம். தராசோடு தொடங்கிய வகுப்பு உத்தராகண்டில்.

பள்ளிச் சுவரில் 'மரம் நடுவோம்' என்று எழுதுவது சுலபம். இந்த ஊர் ஆண்டுக்கு எவ்வளவு விறகு எரிக்கிறது, அதில் எவ்வளவை ஊர்க் காடு தாங்கும் என்று பதினொரு வயதுப் பிள்ளையைக் கணக்குப் போட வைப்பது வேறு விஷயம்.

அல்மோராவிலுள்ள உத்தராகண்ட் சேவா நிதி அதைத்தான் செய்தது. 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய முயற்சி, 2000ல் தனி மாநிலம் உருவான பிறகு 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பாடத்திட்டத்திலேயே இடம்பிடித்தது. அமைப்பை நடத்திய லலித் பாண்டேவுக்கு 2007ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாடம் இப்படிப் போகும். அம்மா தலையில் சுமந்து வரும் விறகை நிறுக்க வேண்டும். எருமை தின்னும் புல்லையும்தான். வீட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ விறகு என்றால், 60 வீடுகள் உள்ள ஊருக்கு ஆண்டுக்குச் சுமார் 110 டன். காட்டில் ஆண்டுதோறும் அந்த அளவுக்கு வளர்கிறதா? இல்லையென்றால் ஊர் வட்டியை அல்ல, முதலையே தின்றுகொண்டிருக்கிறது. 'வளங்குன்றா வளர்ச்சி' என்ற வாயில் நுழையாத சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் கிடைப்பது கஷ்டம். அம்மா ஏன் விடியுமுன்பே மலையேறுகிறாள் என்பதும் கூடவே புரிந்துவிடுகிறது.

மற்ற இடங்களில் நடப்பது என்ன? எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2003ல், பாடத்திட்டம் தயாரிக்கும்படி என்.சி.இ.ஆர்.டி.க்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. பாடம் வந்தது. கூடவே பரீட்சையும் வந்தது. ஓசோன் ஓட்டைக்கு ஐந்து காரணங்களை மனப்பாடம் செய்யும் பிள்ளை, பள்ளிக்கூடத்துக் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. பூமியைக் காக்கும் 'புராஜெக்ட்' பெரும்பாலும் தெர்மகோலில்தான் செய்யப்படுகிறது!

இதில் ஓர் அநியாயமும் இருக்கிறது. ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டுக்கு வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 2 டன். அமெரிக்கர் ஒருவருக்கு அதைப்போல ஆறேழு மடங்கு. மலையோரப் பிள்ளையின் பங்கு அந்த 2 டன்னிலும் சொற்பம். 'உலகை நாம் கெடுத்துவிட்டோம்' என்று அந்தப் பிள்ளையையும் சேர்த்துத் திட்டுகிறது புத்தகம். கணக்குப் போடக் கற்ற பிள்ளை, அந்த 'நாம்' யார் என்று கேட்கும்.

அப்படிக் கேள்வி கேட்கும் கல்வி இங்கே நிலைப்பது அபூர்வம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் 1972ல் 16 பள்ளிகளில் தொடங்கி, பிறகு பல நூறு பள்ளிகளுக்குப் பரவியது செய்முறை வழி அறிவியல் திட்டம். முப்பது ஆண்டுகள் ஓடிய அதை 2002ல் மாநில அரசே மூடியது. வாத்தியார் சொல்வதை எழுதிக்கொள்ளும் வகுப்பை யாரும் மூடியதாகத் தெரியவில்லை.

அல்மோராவின் பழைய கணக்கும் இன்று அப்படியே பொருந்தாது. கேஸ் அடுப்பு மலையேறிவிட்டது. பிழைப்பு தேடி மக்கள் கீழே இறங்குகிறார்கள். மாடுகள் குறைகின்றன. காட்டுத் தரையில் காய்ந்த பைன் ஊசியிலைகள் குவிகின்றன. கோடையில் ஒரு பொறி போதும். 2024 ஜூனில் அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வனத்துறை ஊழியர்கள் கருகி இறந்தார்கள். அந்த ஆண்டுதான் ஊசியிலைகளைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவதாக மாநில அரசு அறிவித்தது. ஒரு ஹெக்டேரில் எத்தனை கிலோ விழுகிறது, அதை அள்ள எத்தனை ஆள் வேண்டும், ஊரில் அத்தனை ஆள் மிச்சமிருக்கிறார்களா? ஏழாம் வகுப்பு நோட்டில் போட வேண்டிய அடுத்த கணக்கு அது.