கொறங்காட்டுக்குப் புத்துயிர்

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்களில் உழவர்களுக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலங்கள் கொறங்காடு எனப்படுகின்றன. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல் என்பது அதன் அமைப்பு. ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழை பெறும் இந்த வறண்ட பூமியில் காங்கேயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் இதை நம்பியே வளர்ந்தன. கோடையில் புல் காய்ந்தாலும், வெள்வேல நெற்று உதிர்ந்து ஆடுகளுக்குத் தீனியாகிறது.

மேய்ச்சல் நிலம் நலிவதற்கு மழைக் குறைவு மட்டுமே காரணமன்று. மேய்ந்த புல், அடித்தண்டிலும் வேரிலும் சேமித்த சத்தைக் கொண்டே மீண்டும் துளிர்க்கிறது. துளிர்த்ததும் மறுபடி கடிபட்டால் சேமிப்பு தீர்ந்து, வேர் குறுகி, தூர் பட்டுப்போகிறது. வெறுமையான இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொள்கிறது. குளம்புபட்டு இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் ஓடிவிடுகிறது. பிறகு தட்டையும் தவிடும் விலைக்கு வாங்கியே பண்ணை நடத்த வேண்டியிருக்கிறது.

புதுப்பிக்கும் வேலை கோடையிலேயே தொடங்குகிறது. சீமைக்கருவேலை வேரோடு அகற்றி, வேலியின் சந்துகளில் கிளுவைப் போத்து நட வேண்டும். ஆட்டுப்பட்டி போட்டால் புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, மானாவாரியாகச் சோளமோ கொள்ளோ விதைத்து, பின் நிலத்தைப் புல்லுக்கே விடுவது பழைய வழக்கம். இறுகிய மண் இதனால் இளகுகிறது.

புல் மிகவும் அழிந்துபோன நிலத்தில் பருவமழையோடு புதிதாக விதைக்க வேண்டும். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ கொழுக்கட்டை விதை போதும். அறுத்த புதிதில் அது சரியாக முளைக்காது. சில மாதம் இருப்பு வைக்க வேண்டும். சுணையுள்ள விதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், மணலோடு கலந்து தூவி லேசாக மூடுவது நல்லது. கூடவே முயல் மசாலும் விதைத்தால், அதன் வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். தீவனத்தில் புரதமும் கூடும்.

விதைத்த முதல் பருவத்தில் புல் வேரூன்றி விதை உதிர்க்கும்வரை மேய்ச்சல் கூடாது. அதன்பின் காட்டைத் தடுத்துப் பகுதிகளாக்கி, மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும். அரைச் சாண் உயரத்துக்குப் புல் மிஞ்சியிருக்கும்போதே கால்நடைகளை அடுத்த பகுதிக்கு ஓட்டிவிட வேண்டும். வறண்ட ஆண்டில் நிலம் தாங்கும் அளவுக்கு உருப்படிகளைக் குறைப்பதும் இதில் அடங்கும். விதைப்புக்கான செலவு பலன் தருவது இந்த ஓய்வினால்தான். ஓய்வு பெற்ற புல் ஆண்டுக்காண்டு தானே தழைக்கும். வாங்கும் தீவனம் குறையக் குறைய, பாலிலும் குட்டியிலும் வரும் வருமானம் உழவரின் கையில் தங்கும்.