பயிர்ச் சேத நிவாரணமும் அடங்கல் பதிவும்

மழை பொய்த்தோ மிகுந்தோ பயிர் அழிந்த ஆண்டுகளில் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் வினா ஒன்றே: “பக்கத்துப் புஞ்சைக்காரருக்குப் பணம் வந்துவிட்டது, எமக்கு ஏன் வரவில்லை?” வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கரிசற்காட்டு ஊர்களுக்குத் தணிக்கைக்குச் செல்லும்போதெல்லாம் இவ்வினாவை நாம் எதிர்கொள்கிறோம். இதற்குரிய விடை பெரும்பாலும் கிராமக் கணக்கிலேயே கிடைக்கிறது.

நிவாரணம் என்பது யாது என முதலில் தெளிதல் வேண்டும். இழந்த விளைச்சலின் முழு மதிப்பை அரசாங்கம் ஈடு செய்வதில்லை. மறு விதைப்புக்கு விதையும் உரமும் வாங்க உதவும் இடுபொருள் மானியமே இது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து இது வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அந்நிதிக்கு முக்கால் பங்கை மத்திய அரசும் கால் பங்கை மாநில அரசும் அளிக்கின்றன.

பயிரில் 33 சதவீதமேனும் சேதமுற்றிருத்தல் வேண்டும். 2015க்கு முன்னர் இவ்வரம்பு 50 சதவீதமாக இருந்தது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட நெறிமுறைப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.8,500, பாசனப் பயிருக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500, உச்சவரம்பு 2 ஹெக்டேர். மூன்று ஏக்கர் மானாவாரிப் பருத்தி அழிந்தால் ஏறத்தாழ ரூ.10,300 கிடைக்கும் எனக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்ட 2017ஆம் ஆண்டிலும், மக்காச்சோளத்தைப் படைப்புழு அழித்தமைக்காக 2019ஆம் ஆண்டிலும் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அத்தகைய அறிவிப்பு வந்ததும் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறையினரும் கூட்டாகப் புலத்தணிக்கை செய்து பட்டியல் தயாரிக்கின்றனர். அது வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குச் செல்கிறது. பின்னர் பணம் வங்கிக் கணக்கில் வரவாகிறது. இப்பட்டியலுக்கு ஆதாரம் அடங்கல். எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில், எந்தப் பயிர், யாருடைய சாகுபடி என்பன அதில் பதியப்படுகின்றன.

நாம் அறிந்த அங்கத்தினர் ஒருவர் மூன்று ஏக்கர் புஞ்சையை வாரத்துக்கு எடுத்துப் பருத்தி விதைத்தார். நிலத்துக்குரியவர் வெளியூர்வாசி. வாய்ச்சொல்லே அவர்களுக்குள் ஒப்பந்தம். அவ்வாண்டு பயிர் கருகிப் போயிற்று. வேறு வழியின்றி இவர் பட்டாசுத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றிருந்த நாளில் தணிக்கை நடந்து முடிந்தது. அடங்கலில் பட்டாதாரர் பெயர் மட்டுமே இருந்தமையால் பணமும் அவர் கணக்கிலேயே சேர்ந்தது. அவர் நல்லவராதலால் பாதியைக் கொடுத்தார். எனினும் உரிமையாகப் பெறவேண்டியதை நம் அங்கத்தினர் உபகாரமாகப் பெற நேர்ந்தது.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்வதற்கென்றே 1969ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உரியவர் அஞ்சுகிறார். அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காதோ என்று உழுபவர் அஞ்சுகிறார். அச்சம் இருபுறமும் இருக்க, நட்டம் உழுபவருக்கே வருகிறது.

பயிர்க் காப்பீட்டை இதனோடு சேர்த்துக் குழப்பிக் கொள்ளலாகாது. அது நாம் பிரீமியம் செலுத்திப் பெறுவது. அதிலும் பயிரிட்டவர் யார் என்பதற்கு அடங்கலே சான்று. வயலில் வெள்ளம் தேங்கிப் பயிர் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும்.

ஆகவே, விதைப்பு முடிந்தவுடன் அங்கத்தினர்கள் செய்யவேண்டியவை சிலவே. கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று புல எண், பரப்பு, பயிர், சாகுபடி செய்பவர் பெயர் நான்கும் சரியாகப் பதிவாகியுள்ளனவா எனப் பார்த்து நகல் பெறுக. வங்கிக் கணக்கு நடப்பில் உள்ளதா, ஆதாருடன் இணைந்துள்ளதா என அறிக. தணிக்கை நாளில் வயலில் இருக்க இயலாதவர் வீட்டார் ஒருவரையேனும் அனுப்புக.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி விதைப்பு முடிந்ததும் ஒரு மாலை அங்கத்தினர்களைச் சங்கக் கட்டடத்தில் கூட்டி, கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்து, அடங்கல் பதிவுகளை உரக்க வாசிக்கச் செய்க. விடுபட்ட பெயர் அன்றே தெரிந்துவிடும். பயிர் கருகிய பின்னர் அதனைத் தேடுவதால் பயன் சிறிதே.