பொய் இரையைக் கவ்விய கெண்டை சொல்லும் தீவனக் கணக்கு

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஓடுகிறது மர்ரே ஆறு. அங்கே பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களில் பலர், ‘கயாக்’ எனப்படும் ஒல்லியான சிறு படகில் தனி ஆளாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போவார்கள். அவர்கள் தேடுவது மர்ரே காட், கோல்டன் பெர்ச் போன்ற உள்ளூர் மீன்களை. இவை சிறு மீன்களை வேட்டையாடித் தின்பவை. அதனால் தூண்டிலில் மண்புழுவோ மாவு உருண்டையோ வைக்காமல், மென்மையான பிளாஸ்டிக்கில் செய்த புழு, குட்டி மீன், இறால் உருவங்களை மாட்டி, தண்ணீருக்குள் மெல்ல இழுத்து வருவார்கள். இதுதான் செயற்கை இரை.

சட்டென்று நரம்பு இறுகும். மாட்டிய மீன், படகையே சிறிது தூரம் இழுத்துக்கொண்டு போகும். பெரிய காட் கிடைத்துவிட்டது என்ற ஆசையோடு சுருட்டினால், மேலே வருவது பொன்னிறச் செதிலும் தொங்கு மீசையும் கொண்ட சாதாக் கெண்டை!

‘காமன் கார்ப்’ என்று நம் பண்ணைக்குட்டைகளில் விடுகிறோமே, அதே இனம்தான். 1939-ல் இலங்கையில் இருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது இதில் ஒரு வகை. சமவெளிக்கு ஏற்ற இன்னொரு வகை 1957-ல் பாங்காக்கில் இருந்து ஒடிசாவின் கட்டாக்கிற்கு வந்தது. அன்று முதல் கூட்டுமீன் வளர்ப்பில் அடிமட்ட மீனாக இது இடம்பிடித்துவிட்டது.

தவிடும் புண்ணாக்கும் தின்று சேற்றைக் கிளறித் திரியும் மீன், ஓடுகிற பிளாஸ்டிக் புழுவை ஏன் கவ்வ வேண்டும்? பொழுதுபோக்குக்காரருக்கு இது வேடிக்கை. குளம் வைத்திருக்கும் விவசாயிக்கோ, இந்தக் கேள்வியின் பதிலில் தீவனச் செலவே அடங்கியிருக்கிறது.

மாட்டியதா, கவ்வியதா?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கெண்டைகள் கூட்டமாக நிற்கும் இடத்தில் தூண்டிலை இழுத்தால், முள் தற்செயலாக வயிற்றிலோ துடுப்பிலோ குத்திவிடலாம். அது மீன் தின்றதற்குச் சான்று ஆகாது. உதட்டிலோ வாய்க்குள்ளோ முள் இருந்தால்தான் இரையை நினைத்துக் கவ்வியது என்று பொருள். அப்படி வாயில் முள் ஏறிய கெண்டைகள் கிடைக்கத்தான் செய்கின்றன. பெரும்பாலும் அடித்தரையை ஒட்டி, மெதுவாக, விட்டுவிட்டு இழுக்கப்படும் சிறிய இரைகளில்தான் இப்படி நடக்கிறது.

வாயைப் பார்த்தாலே புரியும்

சாதாக் கெண்டையின் வாய் கீழ்நோக்கிக் குழல்போல நீளக்கூடியது. தாடையில் பல் கிடையாது. சேற்றோடு சேர்த்து உறிஞ்சி, வாய்க்குள்ளேயே பிரித்து, வேண்டாததைத் துப்பிவிடும். உதட்டோரத்தில் உள்ள நான்கு மீசைகள் தொட்டும் சுவைத்தும் இரையைக் கண்டுபிடிக்கும். நத்தை ஓட்டையும் நொறுக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன.

சேற்றைத் தின்பதற்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு? அது தேடுவது சேற்றை அல்ல. சேற்றுக்குள் இருக்கும் உயிர்களை. பூச்சிகளின் இளம்புழு, மண்புழு போன்ற நீர்ப்புழு, சிறு நத்தை, இறால் வகை, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் ஆகியவை அதன் இயற்கை உணவு. தாவர மக்கல், விதை, தவிடு என்று கிடைப்பதையும் தின்னும். சில நேரம் மீன் குஞ்சையும் விடாது. அது அனைத்துண்ணி. தரையில் தத்தித் தத்தி நகரும் பிளாஸ்டிக் துண்டு, அதன் கண்ணுக்கு இறாலாகவோ புழுவாகவோ தெரிந்ததில் வியப்பில்லை.

கயாக் இதற்குத் தோதானது. என்ஜின் சத்தம் இல்லை; முழங்கால் ஆழத்திலும் போகும். கெண்டை இனத்துக்குக் காற்றுப்பையில் இருந்து உட்காது வரை சிறு எலும்புத் தொடர் இருப்பதால் செவித்திறன் அதிகம். சத்தமில்லாமல் நெருங்கினால் கலையாமல் மேய்ந்துகொண்டிருக்கும். இரை அதன் மூக்கருகே போய்ச் சேரும்.

சேற்றில் இருக்கும் இலவசத் தீவனம்

நம் குளத்து அடிச்சேற்றில் சிவப்பு நிறத்தில் நெளியும் ரத்தப்புழுவைப் பலர் பார்த்திருப்பீர்கள். கொசுவைப் போலவே இருந்தாலும் கடிக்காத ஒரு வகை ஈயின் இளம்புழு அது. அந்த ஈ தண்ணீரில் முட்டையிடும். புழு சேற்றில் மக்கலைத் தின்று வளரும். உலர் எடையில் ஏறக்குறைய பாதி அளவு புரதம் கொண்டது. அரிசித் தவிட்டில் புரதம் இதைவிட மிகக் குறைவு. காசு கொடுத்து வாங்கும் தீவனத்தைவிடச் சத்துள்ள ஒன்று, குளத்துக்குள்ளேயே விளைகிறது.

ஆனால் பல குட்டைகளில் குஞ்சு விட்ட மறுநாளே தவிட்டு மூட்டையைப் பிரித்துவிடுகிறோம். அடித்தளத்தில் புழு இருக்கிறதா, தண்ணீரில் மிதவை உயிர்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதில்லை. மீன் தின்றது போக மீதித் தவிடு அடியில் படிந்து அழுகுகிறது. அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் குடிக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பணமும் போய், மீனும் போகிற நிலை.

ஒரு கை சேறு போதும்

குளத்தில் நான்கைந்து இடங்களில் அடிச்சேற்றை ஒரு கை அள்ளுங்கள். மெல்லிய சல்லடையில் போட்டு, தண்ணீரில் அலசுங்கள். சிவப்புப் புழுக்களும் சிறு நத்தைகளும் தங்கினால், அடிமட்ட மீனுக்கு இயற்கை உணவு இருக்கிறது. ஒன்றுமே தங்காமல், சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், கழிவு சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது சாணமும் தீவனமும் நிறுத்த வேண்டும்.

மேல்மட்ட உணவை அறிய, வெயில் நேரத்தில் கையை நேராகத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் பச்சை நிறம் சரியான அளவில் உள்ளது. மணிக்கட்டு நனையும்போதே மறைந்தால் மிதவைகள் மிகுந்துவிட்டன. தோள்பட்டை வரை விட்டும் விரல் தெரிந்தால் உரம் போதவில்லை. தண்ணீர் பச்சையாக இல்லாமல் செம்மண் கலங்கலாக இருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது.

மீன் பிடிக்கும் நாளில் ஒரு சாதாக் கெண்டையின் குடலைப் பிளந்து வெள்ளைத் தட்டில் கழுவிப் பாருங்கள். தொண்டைப் பல்லால் அரைத்திருப்பதால் முழுப் புழு தெரியாது. சிவப்புத் துணுக்கும் நத்தை ஓட்டுத் தூளும் இருந்தால் மேய்ச்சல் நடந்திருக்கிறது. வெறும் தவிடு மட்டும் இருந்தால், மீன் உங்கள் மூட்டையை நம்பியே வாழ்ந்திருக்கிறது.

பெருக்குவது எப்படி?

கோடையில் குளத்தை வற்றவைத்து, வெடிப்பு விடும் வரை காயவிட வேண்டும். மண்ணின் கார அமிலத் தன்மையைப் பரிசோதித்து, அதற்கேற்ப ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ வரை சுண்ணாம்பு இடலாம். மாட்டுச்சாணம் ஆண்டுக்கு ஏக்கருக்கு 4 முதல் 6 டன் என்பது பொதுவான அளவு. இதில் ஐந்தில் ஒரு பங்கை அடியுரமாக இட்டுத் தண்ணீர் விட்டு, சுமார் 15 நாள் காத்திருந்து விரலிகளை விட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில்தான் மிதவைகளும் புழுக்களும் உருவாகின்றன. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவே கூடாது.

மீதிச் சாணத்தைத் தவணைகளாகப் பிரித்துக் கரைத்து ஊற்ற வேண்டும். ஒரே நாளில் கொட்டினால் ஆக்சிஜன் குறையும். மேகமூட்டமான நாட்களிலும், மீன் மேலே வந்து திணறும்போதும் சாணம் இடக் கூடாது.

தீவனம் எவ்வளவு?

இயற்கை உணவு இருக்கிறது என்பதற்காக மேலுணவை அறவே நிறுத்த முடியாது. மீன் எடை கூடக் கூட, மேய்ச்சல் மட்டும் பற்றாது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, மொத்த மீன் எடையில் தொடக்கத்தில் 5 சதவீதம், வளர்ந்த பிறகு 2 சதவீதம் என்ற அளவில் கொடுக்கலாம். குளத்தில் 1,000 கிலோ மீன் இருந்தால் 2 சதவீதக் கணக்கில் நாளொன்றுக்கு 20 கிலோ. இது உச்ச அளவு. சேற்றுச் சோதனையிலும் தண்ணீர் நிறத்திலும் இயற்கை உணவு நன்றாகத் தெரிந்தால் குறைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை வீச்சுவலையில் மாதிரி மீன் பிடித்து எடை பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. உணவு நேராகக் குடலுக்குப் போகிறது. ஒரே வேளையில் நிறையத் தின்று சேர்த்துவைக்க அதனால் முடியாது. ஆகவே நாள் அளவை இரண்டாகப் பிரித்து, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கொடுங்கள். சத்தத்தையும் நேரத்தையும் மீன் பழகிக்கொண்டு வந்து சேரும். தட்டிலோ துளையிட்ட பையிலோ கட்டிவிட்டால், மறுவேளை மிச்சத்தைப் பார்த்து அளவைத் திருத்தலாம்.

அளவு மீறினால் ஆபத்து

மர்ரே ஆற்றில் கெண்டை மாட்டுவதில் அந்த ஊர்க்காரர்களுக்கு முழு மகிழ்ச்சி இல்லை. 1960-களில் அந்த ஆற்றுப்படுகையில் நுழைந்த ஒரு பண்ணை வகை, 1970-களின் வெள்ளத்தில் பரவி, இன்று பல பகுதிகளில் மொத்த மீன் எடையில் பெரும்பங்கைப் பிடித்துவிட்டது. பெரிய பெண் மீன் ஒன்று 10 லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கி, நீர்த்தாவரங்களை வேரோடு பெயர்க்கும். பிடிபட்ட கெண்டையை உயிரோடு மீண்டும் ஆற்றில் விடுவது அங்கே சில மாநிலங்களில் சட்டப்படி குற்றம்.

நம் குளத்திலும் இந்த மீன் தேங்கிய நீரிலேயே இனப்பெருக்கம் செய்யும், கரையையும் குடையும். எனவே கட்லா, ரோகுவோடு சேர்த்து விடும்போது இதன் பங்கை மட்டாக வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கலிங்கிலும் வடிகுழாயிலும் வலை கட்டிவிடுங்கள். குளத்துக் கெண்டை ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்விட்டால், திரும்பப் பிடிக்க வழியில்லை.

பொய் இரையைக் கவ்விய மீன் தேடியது ஓர் உயிர்ப்புழுவை. அந்தப் புழு உங்கள் குளத்தில் இருக்கிறதா? அடுத்த மூட்டைத் தவிடு வாங்கும் முன், ஒரு கை சேற்றை அள்ளிப் பாருங்கள்.