இரு நகர்களின் இயற்கை எழில்: சிக்காகோவும் லாஸ் ஏஞ்சல்சும்

ஆண்டுதோறும் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவர்க்கு இயற்கைக் காட்சி பற்றிக் கட்டுரை எழுதப் பயிற்சி தருவதுண்டு. எழுதச் சொன்னவுடன் பெரும்பாலோர் மலை, அருவி, மயில், முழுநிலவு என வரிசையாக அடுக்கிவிடுவர். சென்ற ஆண்டு இவ்வழக்கத்தை மாற்ற எண்ணி, அமெரிக்க நகர்கள் இரண்டின் படங்களை வகுப்பில் மாட்டினேன். ஒன்று சிக்காகோ, மற்றொன்று லாஸ் ஏஞ்சல்ஸ். ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, இவற்றுள் எது அழகான ஊர்?” என்று வினவினாள். “மலையும் கடலும் உள்ள ஊர்தான்” என்று வகுப்பே விடை கூறியது.

அவ்விடை சரிதானா? நான் அந்நகர்களை நேரிற் கண்டவனல்லன். நூல்களாலும் படங்களாலும் அறிந்தவனே. ஆயினும் ஆராய்ந்து பார்த்தபோது, ஒரு நகரின் இயற்கை எழில் என்பது அங்கே அமைந்த மலையையும் நீரையும் மட்டும் பொறுத்ததன்று என்பது தெளிவாயிற்று. அவற்றைக் காணும் உரிமையும் வாய்ப்பும் மக்களுக்கு இருத்தல் வேண்டும். இக்கருத்தையே ஆசிரிய அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது நம் இலக்கணம் கண்ட முறை. அம்முறையிலேயே தொடங்குவோம்.

நிலமும் பொழுதும்

அமெரிக்க நகர்களுள் மக்கள் தொகையில் லாஸ் ஏஞ்சல்ஸ் இரண்டாவது, சிக்காகோ மூன்றாவது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி முன்னதில் ஏறக்குறைய 39 இலட்சம் பேரும், பின்னதில் ஏறக்குறைய 27 இலட்சம் பேரும் வாழ்ந்தனர்.

சிக்காகோ, மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் அமைந்தது. பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், பெரும் பனிப்பாளங்கள் உருகி ஓர் அகன்ற ஏரி உண்டாயிற்று. நீர் வடிந்தபின் எஞ்சிய அவ்வேரியின் தரைமீதுதான் இன்றைய நகரம் நிற்கிறது. ஆகவே நிலம் பலகைபோல் தட்டையானது. நகர் எல்லைக்குள் மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கண்ணுக்கு விருந்தாவன ஏரியும் வானமுமே. ஏரி என்றதும் நாம் குளத்தை நினைத்தல் ஆகாது. அதன் நீளம் 300 மைலுக்கு மேல். அகலம் மிகுந்த இடத்தில் 118 மைல். ஆழம் மிகுந்த இடத்தில் 900 அடிக்கு மேல். மறுகரை தெரியாது. அலை வீசும், ஆனால் நீரில் உப்பில்லை. கதிரவன் நீரிலிருந்தே எழுகிறான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் இதற்கு நேர்மாறானது. நிலவுலகின் இரு பெரும் பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று உரசி நெருக்கும் இடம் அது. அந்நெருக்கத்தால் மேலெழுந்ததே வடக்கே நிற்கும் சான் கேப்ரியல் மலைத்தொடர்; இன்றும் அது சிறிது சிறிதாக உயர்ந்து வருகிறது. அதன் உச்சி 10,000 அடிக்கும் மேற்பட்டது. சான்டா மோனிகா மலைகளோ நகரின் ஊடாகவே செல்கின்றன. மேற்கே பசிபிக் மாகடல். கதிரவன் மறையும் காட்சி இந்நகருக்கு உரியது. குளிர்காலத்தில், கடற்கரையில் நின்று பனி மூடிய மலைமுடியைக் காணும் நாள்களும் உண்டு.

பொழுதிலும் இவை வேறுபடும். சிக்காகோவில் நான்கு பருவங்களும் முறையே வந்து செல்லும். இலையுதிர் காலத்தில் மரங்கள் செம்மையும் பொன்மையும் பூணும். குளிர்காலத்தில் ஏரிக்கரை உறைந்து பனிக்கட்டி அடுக்கடுக்காய் நிற்கும். லாஸ் ஏஞ்சல்சில் மழை பெய்வது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். அப்போது பசுமையாகும் குன்றுகள் கோடையில் காய்ந்து பழுப்பாகிவிடும். குறிஞ்சியும் முல்லையும் வெயிலால் தம் நிலை கெட்டபோது பாலை தோன்றும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தில் பயின்றிருக்கிறோம். அதற்கு இக்குன்றுகளைச் சான்றாகக் காட்டலாம். 2025-ஆம் ஆண்டு சனவரியில், மழை பொய்த்த அம்மலைச்சரிவுகளில் வறண்ட காற்றோடு மூண்ட தீ, ஆயிரக்கணக்கான வீடுகளை எரித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

கருப்பொருள்

சிக்காகோவைச் சூழ்ந்திருந்தது ஆளுயரத்திற்கு மேல் வளரும் புல்வெளி. அங்கு மண்டிக் கிடந்த ஒருவகைக் காட்டு வெங்காயத்தைக் குறித்த பழங்குடி மக்களின் சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பர். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் வலசை போகும் பறவைகள் ஏரிக்கரை வழியே கூட்டங்கூட்டமாய்ச் செல்லும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் நெடிய பனைபோன்ற மரங்களே நினைவுக்கு வருகின்றன. வியப்பு யாதெனின், அவற்றுள் பெரும்பாலானவை மனிதர் கொண்டுவந்து நட்டவை. அம்மண்ணுக்கு உரியவை தாழ்ந்த புதர்களும் ஓக் மரங்களுமே. மலைச்சிங்கம் என்னும் பெரும்பூனை இன்றும் அம்மலைகளில் உலவுகிறது. அவற்றுள் ஒன்று, விரைவுச் சாலைகளைக் கடந்து வந்து, 2012 முதல் 2022 வரை நகர் நடுவேயுள்ள கிரிபித் பூங்காவில் தனித்து வாழ்ந்தது.

இதுவரை கண்டவற்றால் மாணவர் கூறிய விடையே சரியெனத் தோன்றும். ஆனால் கதை இனித்தான் தொடங்குகிறது.

காக்கப்பட்ட கரை

சிக்காகோவுக்கு வாய்த்த பெருஞ்செல்வம் ஏரிக்கரை ஒன்றே. 1836-ஆம் ஆண்டில், நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்ற ஆணையர்கள், கரையோரமாகச் சிறு நிலப்பகுதி ஒன்றைக் கட்டடம் ஏதுமின்றி என்றென்றும் பொதுவிடமாக விடவேண்டும் என்று வரைபடத்தில் குறித்து வைத்தனர். 1871-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் இடிந்த கட்டடங்களின் கல்லும் மண்ணும் ஏரியில் கொட்டப்பட, அக்கரை மேலும் அகன்றது. அகன்ற நிலம் குப்பை மேடாகவும் கொட்டகைகள் நிறைந்த இடமாகவும் கிடந்தது.

அதனெதிரே அலுவலகம் வைத்திருந்த மான்ட்கோமரி வார்டு என்னும் வணிகர், 1890-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். இருபது ஆண்டுகள் வழக்கு நடந்தது. நான்கு முறை மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் வரை சென்றது. வளர்ச்சிக்குத் தடையாக நிற்கிறார் என்று பலர் அவரைப் பழித்தனர். இறுதியில் அவரே வென்றார். அவர் காத்த நிலமே இன்றைய கிராண்ட் பூங்கா. 1909-ஆம் ஆண்டில் டேனியல் பர்னாமும் எட்வர்டு பென்னட்டும் வெளியிட்ட நகர்த் திட்டம், ஏரிக்கரை மக்களுக்கே உரியது என்னும் கொள்கையை நகர் முழுமைக்கும் விரித்தது. இன்று நகரின் கரையில் ஏறக்குறைய 26 மைல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நகருக்கும் ஏரிக்கும் இடையே அகன்ற நெடுஞ்சாலை ஒன்று குறுக்கிடுகிறது. தென்கரையின் ஒரு பகுதியை எஃகாலைகள் நெடுங்காலம் பற்றியிருந்தன. எனினும் ஏழையும் தன் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துச் சென்று ஏரியைக் காட்டலாம். நுழைவுக் கட்டணம் கேட்பார் இல்லை.

மறைந்த மலை

எல்லாம் பெற்ற லாஸ் ஏஞ்சல்சின் நிலை என்ன? 1930-ஆம் ஆண்டில் ஓம்ஸ்டெட், பார்த்தலோமியு ஆகியோரின் நிறுவனங்கள், பூங்காக்களும் கடற்கரைகளும் ஆற்றோரப் பசுமையும் அமைக்க விரிவான திட்டம் ஒன்றை வகுத்துத் தந்தன. அதன் பெரும்பகுதி ஏட்டளவிலேயே நின்றது. 1938-ஆம் ஆண்டு மார்ச்சு மாதப் பெருவெள்ளம் பல உயிர்களைக் கொண்டது. அதன்பின், ஏறக்குறைய 51 மைல் நீளமுள்ள ஆறு, சில பகுதிகள் நீங்கலாக, சிமெந்துக் கால்வாயாக மாற்றப்பட்டது. வெள்ளம் அடங்கியது, ஆறும் கண்ணுக்கு ஆறாகத் தோன்றாது போயிற்று.

1943-ஆம் ஆண்டுக் கோடையில் கண்ணெரிக்கும் புகைமூட்டம் நகரைச் சூழ்ந்தது. ஜப்பானியப் போரின்போது மலாயா இரப்பர் கிடைக்காமற் போனதால், அமெரிக்கர் செயற்கை இரப்பர் செய்யத் தொடங்கிய காலம் அது. அதற்குரிய மூலப்பொருள் ஆலை ஒன்றன் மீதே முதலில் பழி விழுந்தது. ஆலையை அடக்கியும் மூட்டம் அகலவில்லை. 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர் உண்மையைக் கண்டறிந்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் ஆவிகள் வெயிலில் வினைபட்டு நச்சுக் காற்றாகின்றன. கடலிலிருந்து வரும் குளிர்காற்றின்மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமர்கிறது. மலைகள் சுவராக நின்று அதை வெளியேற விடாமல் தடுக்கின்றன. கடல், கதிரவன், மலை எனும் எந்த மூன்றால் அந்நகர் எழில் பெற்றதோ, அம்மூன்றுமே மனிதன் விட்ட புகையோடு சேர்ந்து அவ்வெழிலை மறைத்தன. மலையடிவாரத்திலேயே வாழ்ந்த குழந்தைகள் பல நாள் மலையைக் காணாமல் வளர்ந்தனர்.

பின்னர் மக்கள் விழித்தனர். 1967-ஆம் ஆண்டில் மாநிலக் காற்றுவள வாரியம் அமைந்தது. ஹாகன்-ஸ்மிட்டே அதன் முதல் தலைவர். 1970-ஆம் ஆண்டில் நாடு தழுவிய தூய காற்றுச் சட்டம் வந்தது. 1975 முதல் புதிய கார்களில் புகையைத் தூய்மை செய்யும் கருவி பொருத்தப்பட்டது. காற்று இன்னும் முற்றும் தூய்மை எய்தவில்லை. ஆயினும் மலை மீண்டும் தெரிகிறது. 1976-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம், மக்கள் கடலை அடையும் வழியைக் காத்தது. ஆற்றுக்கும் உயிரூட்ட முயன்று வருகின்றனர்.

நாம் கற்பது

மீண்டும் அச்சிறுமியின் வினாவுக்கு வருவோம். “இயற்கை மிகுதியாகக் கொடுத்தது லாஸ் ஏஞ்சல்சுக்கு. கிடைத்த ஒன்றைக் காலத்தே காத்துக்கொண்டது சிக்காகோ. இழந்தபின் அரும்பாடுபட்டு மீட்டு வருகிறது லாஸ் ஏஞ்சல்ஸ். எது அழகு என்பதை இனி நீயே சொல்” என்றேன். அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, “அப்படியானால் நம் தோட்டத்து ஆற்றை யார் ஐயா காப்பது?” என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. மறுவாரம் வகுப்பை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, கண்டதை எழுதச் சொன்னேன். அவ்வாரக் கட்டுரைகளில் மயில் வரவில்லை. கலங்கிய நீரும், கரையில் கிடந்த நெகிழிப் பைகளும், அவற்றினிடையே நின்ற ஒரு வெண்கொக்கும் வந்தன.

ஆசிரிய அன்பர்களே, இயற்கைக் காட்சி பற்றி எழுதப் பழக்கும்போது, அழகுச் சொற்களோடு இவ்விரு வினாக்களையும் மாணவர்க்குக் கொடுங்கள்: இக்காட்சியை இன்று யார் காண முடிகிறது? நாளையும் இது இருக்க யார் என்ன செய்தல் வேண்டும்? அவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன், மனப்பாடம் செய்த மலையை விட்டுத் தன் ஊரை எழுதத் தொடங்குவான்.