மூத்த பூனையும் இளங்குட்டியும்

சாமை விளையும் ஜவ்வாது மலையில், எலியினின்று தானியங் காக்கப் பூனை வேண்டும். அது மூப்படையுங்கால் இளங்குட்டி வருகின்றது. வெருகின் குட்டியைப் பறழ் எனவும் வழங்கலாம் என்பது தொல்காப்பிய மரபியல். அவ்விளையதை மூத்ததோடு இணக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பூனை தன் எல்லையை மணத்தால் அறிவது. புதுமணத்தைப் பகையெனக் கருதும். ஆதலின், 8 வாரமேனும் தாயிடம் வளர்ந்த குட்டியை முதலில் தனியறையில் வைத்து, இரண்டும் கிடந்த துணிகளை மாற்றியிடுதல் வேண்டும். பின்னர்க் கதவின் இருபுறத்தும் ஒரே வேளையில் உணவிடின், அம்மணம் உணவோடு இயைந்து அச்சந் தணியும். சீறியதற்காக மூத்ததை அடித்தலாகாது. அவ்வடியின் துன்பத்தைக் குட்டியோடு பொருத்திப் பகை வளர்க்கும். உண்கலமும் படுக்கையும் தனித்தனியே அமைக. குட்டிக்கு மூன்று திங்கள் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி இடுவித்தல் இன்றியமையாதது. கடியால் மனிதர்க்கும் பரவும் அந்நோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

மூத்ததன் உரிமையைக் காத்தலே இளையதைக் காத்தலாம்.